கழுவித் திருப்பிய ஜாடி

ஒரு மனிதன் பொய் சொல்கிறான் என்பதை ஒரு கறிவேப்பிலைச் செடி காட்டிக்கொடுக்கும் என்று ரூஃபஸ் கனவிலும் நினைத்ததில்லை. ஆனால் 1999 ஏப்ரல் மாதத்தின் அந்தச் சனிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, முப்பத்திரண்டு அடி நீள மோட்டார்ஹோம் ஒன்றின் உள்ளே நின்றுகொண்டு அவனுடைய மைனி ஜோசபின் அந்தச் செடியைத்தான் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மைனி என்றால் அண்ணன் மனைவி. நாகர்கோவில்காரர்களுக்கு அப்படித்தான் வாயில் வரும். ஜோசபின் டெக்ஸாஸ் மாநிலத்தின் லைசென்ஸ் பெற்ற துப்பறிவாளர். பேர்லேண்டில் ஒரு டோனட் கடைக்கு மேல்மாடியில் அலுவலகம். ரூஃபஸ், இரண்டாயிரமாவது ஆண்டு பிறக்கும்போது கம்ப்யூட்டர்களெல்லாம் குழம்பிவிடும் என்று பயந்து அமெரிக்கா அவசர அவசரமாக வரவழைத்த ஆயிரக்கணக்கானவர்களில் ஒருவன். வந்து இறங்கியதும் கம்பெனி அவனை பெஞ்சில் உட்காரவைத்துவிட்டது. நான்கு மாதமாக வேலை இல்லை. அண்ணன் வீட்டில் சும்மா சாப்பிடக் கூச்சமாக இருந்ததால் மைனிக்கு உதவியாளனாகிவிட்டான்.

வெளியே டெக்ஸாஸ் தமிழ் மோட்டார்ஹோம் சங்கத்தின் வசந்தகாலக் கூட்டம் களைகட்டியிருந்தது. ஏரிக்கரையில் பதினொரு வண்டிகள். ஒவ்வொன்றும் ஒரு சிறிய வீடு. அடுப்பு, கட்டில், கழிப்பறை எல்லாம் உள்ளேயே. இந்தச் சங்கத்தார் மாநிலம் மாநிலமாகப் போவார்கள், கிராண்ட் கேன்யன் விளிம்பில் வண்டியை நிறுத்துவார்கள், ஜன்னலைச் சாத்திக்கொண்டு வத்தக்குழம்பு வைப்பார்கள். வருடத்துக்கு ஒருமுறை இங்கே கூடிப் பயணக் கதைகளைச் சொல்லி ஒருவரையொருவர் வெறுப்பேற்றுவார்கள். அந்த நேரத்தில் செயலாளர் ராமசுப்ரமணியன் கூடாரத்துக்குள் தான் எடுத்த வீடியோவைப் போட்டுக்கொண்டிருந்தார். நெப்ராஸ்கா மாநிலம் முழுவதையும் வண்டியின் முன்கண்ணாடி வழியாக எடுத்த மூன்று மணி நேரப் படம். ஒரு மணி நேரமாகச் சோளக்கொல்லை போய்க்கொண்டிருந்தது.

ரூஃபஸும் ஜோசபினும் நுழைந்திருந்த வண்டி சங்கத் தலைவர் சேனாபதியுடையது. பெட்ரோகெமிக்கல் கம்பெனியில் ஓய்வு பெற்ற எஞ்சினியர், வயது அறுபத்தொன்று, பூர்வீகம் ஈரோடு. வண்டியின் பக்கவாட்டில் அமெரிக்க வரைபடம் ஒட்டியிருந்தார். போன மாநிலத்துக்கெல்லாம் வண்ணத்தில் ஒரு ஸ்டிக்கர். தரைவழியாகப் போகக்கூடிய நாற்பத்தெட்டில் நாற்பத்தேழு ஏற்கெனவே முடிந்திருந்தது. போன மாதம் மூன்று வாரம் தனியாகப் போய்விட்டு வந்து கலிபோர்னியாவையும் ஒட்டிவிட்டார். இன்று பன்னிரண்டரை மணிக்கு அவருக்குக் கேடயம்.

கேடயத்தைப் பற்றி ஜோசபினுக்குக் கவலையில்லை. அவளுடைய கட்சிக்காரி சேனாபதியின் மனைவி புஷ்பவல்லி. வியாழக்கிழமை டோனட் வாசனைக்கு நடுவே வந்து உட்கார்ந்து, கைப்பையிலிருந்து ஒரு கண்ணாடி ஜாடியை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"பத்து ஜாடி புளிக்காய்ச்சல் போட்டுக் குடுத்தேனுங்க. ஒம்பது ஜாடி அழுக்கோட வந்துச்சு, மூடிகூட இல்லாம. இது ஒண்ணு மட்டும் பளிச்சுனு கழுவித் தொடச்சு வந்துருக்குது. முப்பத்திமூணு வருசத்துல அந்த மனுசன் ஒரு டம்ளர் கழுவி நான் பார்த்ததில்லைங்க."

அதோடு போகவில்லை. ஜாடி வெறுமனேயும் வரவில்லை. உள்ளே பழுப்பு நிறத்தில் ஏதோ பலகார உருண்டைகள். அடுத்த வீட்டுப் பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக்கூடாது என்பது நம் ஊர்ப் பெண்களின் சட்டம்; ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். ஆக, எங்கோ ஒரு தமிழ்ப் பெண் சேனாபதியின் ஜாடியைக் கழுவி, துடைத்து, பலகாரமும் போட்டுத் தந்திருக்கிறாள் என்று புஷ்பவல்லி முடிவு கட்டிவிட்டாள். கோபத்தில் உருண்டைகளை வீட்டுக்குப் பின்னால் இருந்த குளத்தில் வாத்துகளுக்குப் போட்டாளாம். வாத்துகள் ஒருமுறை கொத்திப் பார்த்துவிட்டு அக்கரைக்குப் போய்விட்டனவாம்.

திங்கட்கிழமை மாலை கோயமுத்தூருக்கு டிக்கெட் எடுத்திருக்கிறேன், போக மட்டும்தான், திரும்பி வருவதற்கு இல்லை என்றாள். அதற்குள் உண்மை தெரிய வேண்டும். அழவில்லை. ஜாடியின் மூடியை மட்டும் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

கலிபோர்னியாவில் சேனாபதி தங்கியதாகச் சொன்னது பிளசன்டனில், கல்லூரி நண்பர் சுந்தரராமன் வீட்டில். ஜோசபின் வெள்ளிக்கிழமையே அவருக்கு போன் போட்டு, சேனாபதி எப்போது கிளம்பினார் என்று பொதுவாகக் கேட்டாள். சுந்தரராமன் பதறிப்போய், அவன் குளித்துக்கொண்டிருக்கிறான், வந்ததும் பேசச் சொல்கிறேன் என்றார். சேனாபதி பேர்லேண்டுக்குத் திரும்பி இரண்டு வாரம் ஆகியிருந்தது.

"நல்லா அழுக்குத் தேய்ச்சுக் குளிக்கிறார் போல" என்றான் ரூஃபஸ் அப்போது.

இப்போது ஜோசபின் கறிவேப்பிலைச் செடியைச் சுற்றி வந்தாள். நான்கடி உயரம், பெரிய பிளாஸ்டிக் வாளியில். டிரைவருக்குப் பக்கத்து இருக்கையில், சீட் பெல்ட் போட்டு, ஒரு குடும்பஸ்தியைப் போல உட்கார்ந்திருந்தது. புஷ்பவல்லிக்கு ஒரு வருடமாகத் தலைசுற்றல், வண்டியில் ஏறுவதில்லை. அன்றிலிருந்து எல்லாப் பயணத்திலும் அவள் இடத்தில் இதுதான். அவளே கொடுத்த கதவுச் சாவியால்தான் இருவரும் உள்ளே வந்திருந்தார்கள்.

"இவர் கலிபோர்னியாவுக்குப் போகல ரூஃபஸ்" என்றாள்.

"செடியே ஸ்டேட்மென்ட் குடுத்துச்சா மைனி?"

கிட்டத்தட்ட அப்படித்தான் என்றாள் ஜோசபின். கலிபோர்னியா எல்லையில் ஒவ்வொரு வண்டியையும் நிறுத்திப் பழம் இருக்கிறதா, செடி இருக்கிறதா என்று கேட்பார்கள். மோட்டார்ஹோம் என்றால் உள்ளே ஏறியே பார்ப்பார்கள். ஆரஞ்சு, எலுமிச்சை வகையறா எதையும் விடமாட்டார்கள். கறிவேப்பிலை அந்தக் குடும்பத்துப் பெண். நான்கடி உயரத்தில் முன் இருக்கையில் உட்கார்ந்திருப்பதை எந்தக் குருடனும் தவறவிட முடியாது. கலிபோர்னியாவுக்கு வண்டி ஓட்டிப்போன தமிழ்க் குடும்பங்களில் பாதிப் பேர் அந்த எல்லையில் ஒரு செடியையாவது பறிகொடுத்துவிட்டு, பாலைவனம் முடியும்வரை பேசாமல் போனவர்கள்.

"செடி முழுசா இருக்கு. அப்ப வண்டி பார்டரைத் தாண்டல" என்றாள்.

ரூஃபஸ் மனதுக்குள் கைதட்டினான். மைனியிடம் இதுதான் அவனுக்குப் பிடிக்கும். பெரிய பெரிய பரிசோதனைக்கூடமெல்லாம் கேட்கமாட்டாள். சமையலறையைப் பார்த்தே ஊரைச் சொல்லிவிடுவாள்.

சரி, போகவில்லை. அப்படியானால் மூன்று வாரம் எங்கே? இழுப்பறையில் ஒரு தடிமனான கோப்பு கிடைத்தது. இருபது வருடமாகத் தங்கிய முகாம்களின் ரசீதுகளையெல்லாம் சேனாபதி தேதிவாரியாகத் துளைபோட்டுக் கோத்து வைத்திருந்தார். மார்ச் மாதத்துக்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. ரூஃபஸ் பழையவற்றைப் புரட்டிக்கொண்டே வந்தான். மெய்ன் முதல் மொன்டானா வரை ஒவ்வொன்றிலும் ஒரே குறிப்பு: முன்பக்கமாக நுழைந்து முன்பக்கமாகவே வெளியேறும் இடம் வேண்டும்.

"நாப்பத்தேழு ஸ்டேட்ல ஒரு எடத்துலகூட ரிவர்ஸே எடுக்கல மைனி. போர்ல பின்வாங்காத மனுசன், பேருக்கேத்த சேனாபதி."

ஜோசபின் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஜாடியில்தான் விஷயம் இருக்கிறது என்றாள். உருண்டைகள் எல்லாமே வாத்துகளுக்குப் போயிருக்காது. வண்டி குலுங்கியபோது ஒன்றாவது எங்காவது உருண்டிருக்கும், தேடு என்று சொல்லிவிட்டு, தான் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். துப்பறியும் தொழிலில் மைனியின் மூளைக்கு மேல்பாதி, தன் முழங்காலுக்குக் கீழ்பாதி என்ற பங்கீடு ரூஃபஸுக்குப் பழகிவிட்டது. கட்டிலுக்குக் கீழே ஒரு செருப்பு, மூன்று ஜாடி மூடிகள், நியூ மெக்ஸிகோ மண். அடுப்புக்கு அடியில் கையை விட்டபோது கடக் என்று ஏதோ சுவரில் மோதியது.

எடுத்து வெளிச்சத்தில் வைத்தான். எலுமிச்சை அளவு. பழுப்பு. மூன்றாக ஒட்டியிருந்து ஒன்று மட்டும் பிய்ந்த தழும்பு.

"முந்திரிக்கொத்து" என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.

பாசிப்பயறு மாவில் வெல்லப்பாகும் தேங்காயும் சேர்த்து உருட்டி, மாவில் தோய்த்து எண்ணெயில் போடுவது. பெயரில் மட்டும்தான் முந்திரி. நாகர்கோவில், திருநெல்வேலிப் பக்கம் தவிர வேறு யாருக்கும் இந்தப் பலகாரம் தெரியாது. ஈரோட்டுப் புஷ்பவல்லிக்கு அடையாளம் தெரியாமல் போனதில் ஆச்சரியமில்லை.

ஜோசபினின் கண்கள் பளபளத்தன. சிறிய கைக்கத்தியால் உருண்டையை வெட்டப் பார்த்தாள். கத்தி வழுக்கியது. வண்டி நகராமலிருக்கச் சக்கரத்துக்கு வைக்கும் கட்டையால் ரூஃபஸ் ஓங்கி இரண்டு போடு போட்ட பிறகு பிளந்தது. அவள் பாதியைக் கையில் எடுத்து ஜன்னலோரம் பிடித்துக்கொண்டு தன் வித்தையை ஆரம்பித்தாள். ரூஃபஸ் நோட்டுப் புத்தகத்தை எடுத்தான்.

பாகு முற்றிப்போயிருக்கிறது என்றாள். அடுப்பில் பாகை வைத்துவிட்டுப் போனில் பேசியிருக்கிறாள். ஆகவே வேலைக்குப் போகிற பெண். அதுவும் எந்நேரமும் போன் வருகிற வேலை. மேல் மாவு ஒரு பக்கம் தடிமன், ஒரு பக்கம் மெலிசு, அவசரம். ஏதோ பயணம் கிளம்புவதற்கு முந்தைய இரவு செய்தது. பொறுமை கிடையாது. தான் செய்வதெல்லாம் பிரமாதம் என்று நினைப்பு.

"அது எப்படி மைனி தெரியும்?"

"இவ்வளவு கல்லா ஒண்ணச் செஞ்சுட்டு இன்னொருத்தர் ஜாடியில போட்டுக் குடுக்க ஒரு தைரியம் வேணும் பாரு. வீட்டுல ஒருத்தனும் அவகிட்ட உண்மையச் சொல்லியிருக்க மாட்டான். அவ புருஷன் ஒரு பயந்தாங்கொள்ளி. எழுதிக்கோ."

ரூஃபஸ் எழுதிக்கொண்டான். எழுதும்போது மேஜைமேல் கிடந்த மற்ற பாதியிலிருந்து ஒரு துணுக்கைப் பழக்கதோஷத்தில் வாயில் போட்டுக்கொண்டான். சாட்சியத்தைத் தின்னாதே என்று மைனி எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். கடைவாயில் வைத்துச் சிறிது நேரம் ஊறவைத்துக் கடித்தான்.

சுக்கு. எள். அப்புறம் ஜாதிக்காய்.

அவன் பேனா நின்றது. முந்திரிக்கொத்தில் யாரும் ஜாதிக்காய் போடமாட்டார்கள். அவனுக்குத் தெரிந்து இந்த உலகத்தில் ஒரே ஒரு வீட்டில் போடுவார்கள். மார்ச் மாதம் நியூ ஜெர்சியின் ஐசலினில் ஒரு நகைக்கடைத் திருட்டைத் துப்பறிய அவனும் மைனியும் மூன்று வாரம் போயிருந்தார்கள். நெவார்க் விமானத்தில் வழிநெடுக இதே சுவையை, கண்ணில் நீர் வர, பிரமாதம் பிரமாதம் என்று சொல்லிக்கொண்டே அவன் தின்றிருக்கிறான்.

நோட்டுப் புத்தகத்தில் எழுதியதை ஒருமுறை படித்துப் பார்த்தான். வேலைக்குப் போகும் பெண். ஓயாத போன். பயணத்துக்கு முந்தைய இரவு. பொறுமை இல்லை. தான் செய்வதெல்லாம் பிரமாதம். ஒரு எழுத்து மாற்ற வேண்டியதில்லை. மைனியைப் போல ஒரு துப்பறிவாளர் இந்த மாநிலத்திலேயே கிடையாது என்று அவன் நெஞ்சார நினைத்தான். அதே சமயம் இந்த வண்டியின் ஜன்னல் வழியாகக் குதித்தால் கால் முறியுமா என்றும் பார்த்தான்.

"மைனி, நீங்க ஒரு வாட்டி டேஸ்ட் பண்ணிப் பாத்துருங்க."

"எவிடென்ஸ்டா அது."

"அதுக்காகத்தான் சொல்றேன்."

அவன் குரலில் கேலி இல்லாததைக் கவனித்துத்தான் அவள் ஒரு துண்டை வாயில் போட்டாள். மென்றாள். மெல்லுவது நின்றது. மறுபடி மெதுவாக மென்றாள். ரூஃபஸ் மரியாதைக்காகக் கறிவேப்பிலைச் செடியைப் பார்த்துக்கொண்டான். வெளியே நெப்ராஸ்காவில் யாரோ ஒரு லாரியை முந்திக்கொண்டிருந்தார்கள்.

வாயிலிருந்ததை விழுங்கிவிட்டு ஜோசபின் கேட்டாள்: "இது எப்பவுமே இப்படித்தான் கல்லு மாதிரி இருக்குமா?"

"ஈஸ்டருக்குக் கொஞ்சம் பரவால்ல மைனி."

அவள் சண்டை பிடிக்கவில்லை. கணக்குப் போட்டாள். அவர்கள் இருவரும் ஐசலினில் இருந்த அதே மூன்று வாரம். பேர்லேண்டுக்கு வெளியே அவர்களுடைய இரண்டு ஏக்கர் இடம். வீட்டில் தனியாக இருந்தது ரூஃபஸின் அண்ணன் ஜோபின் மட்டும். திரும்பி வந்தபோது கொல்லைப்புறத்துப் புல் முழுக்க நசுங்கிக் கிடந்தது. செப்டிக் டேங்க் லாரி வந்தது என்று ஜோபின் சொன்னான். தபால்பெட்டி தரையோடு தரையாகச் சாய்ந்திருந்தது, காற்று என்றான். ஊரெல்லாம் பொய்யைக் கண்டுபிடிக்கிற ஜோசபின், ஆமாம் நியூ ஜெர்சியிலும் நல்ல காற்று என்று பதில் சொல்லிவிட்டுப் படுத்துவிட்டாள்.

"என் வீட்டுலயேவா" என்றாள் மெதுவாக. அவள் முகம் வெளுத்திருந்தது. புஷ்பவல்லி தேடுகிற அந்தப் பெண் தன் வீட்டுக்கே வந்திருந்தாளா, தன் அடுக்களையில் நின்று ஜாடி கழுவினாளா, அதற்கு ஜோபின் உடந்தையா என்று அவள் மனம் எங்கெங்கோ ஓடியது. ரூஃபஸுக்கு அவளை அப்படிப் பார்க்கப் பிடிக்கவில்லை. அடுத்தவர் வீட்டுக் கஷ்டமென்றால் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளலாம்.

அப்போதுதான் ஜன்னலுக்கு வெளியே ஒரு பிக்கப் வண்டி வந்து நின்றது. அதன் பின்னால் ஆரஞ்சு நிறக் கூம்புகள், சாலை வேலை நடக்கும் இடங்களில் வைப்பார்களே, அவை ஒரு டஜன். இறங்கியது ஜோபின். சர்ச் மைதானத்தைச் சுத்தம் பண்ணப் போவதாகக் காலையில் வீட்டில் சொல்லிவிட்டு வந்தவன். ஜோசபினும் அவனிடம் டவுன்டவுனில் வேலை என்றுதான் சொல்லியிருந்தாள். கூம்பு ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு நிமிர்ந்தவன், மோட்டார்ஹோம் ஜன்னலில் தன் மனைவியின் முகத்தையும் அதற்குப் பக்கத்தில் தம்பியின் முகத்தையும் பார்த்தான். கூம்பை மறுபடி வண்டியில் வைத்தான். அப்புறம் என்ன நினைத்தானோ, திரும்ப எடுத்துத் தன் மார்போடு அணைத்துக்கொண்டான்.

ஜோபின் பேர்லேண்டில் பள்ளி பஸ் டிப்போவின் மேற்பார்வையாளன். அப்பா நாகர்கோவிலில் பஸ் டிரைவர். ஜோபின் நாற்பதடி பஸ்ஸை ஒரு சந்துக்குள் பின்பக்கமாக, ஒரே மூச்சில், டீ குடித்துக்கொண்டே விடுவான். பேர்லேண்ட் மீனாட்சி கோவில் விழாவுக்கு டிப்போ பஸ்கள் வந்தபோது அவன் அப்படி ஒன்றை விட்டதைச் சேனாபதி பார்த்திருக்கிறார். வாயைப் பிளந்து நின்றுவிட்டு, நேரே அவனிடம் போய்க் கையைப் பிடித்துக்கொண்டாராம்.

இதையெல்லாம் சொன்னது ஜோபின் அல்ல. கூடாரத்திலிருந்து ஓடிவந்த சேனாபதிதான் சொன்னார். ஜோசபின் கூடாரத்தில் உட்கார்ந்திருந்த புஷ்பவல்லியையும் கையோடு கூட்டி வந்திருந்தாள். நெப்ராஸ்காவிலிருந்து விடுபட ஒரு காரணம் கிடைத்த மற்ற பத்துக் குடும்பங்களும் பின்னாலேயே வந்துவிட்டன.

சேனாபதிக்கு ரிவர்ஸ் வராது. நாற்பத்தேழு மாநிலங்களிலும் முன்பக்கமாகவே நுழைந்து முன்பக்கமாகவே வெளியே வந்தவர். போன வருடம் இதே கூட்டத்தில் அப்படிப்பட்ட இடம் கிடைக்கவில்லை. புஷ்பவல்லி பின்னால் நின்று வா வா என்று கைகாட்ட, அவர் பத்தொன்பதாம் நம்பர் இடத்துக்குள் ரிவர்ஸ் எடுத்தார். சங்கத்தின் சாப்பாட்டு மேஜை, அதன்மேல் இருந்த இரண்டு அண்டா பாயசத்தோடு, நொறுங்கிப்போனது. அவர் இறங்கி வந்து, அத்தனை பேருக்கும் முன்னால், உனக்குக் கண்ணு தெரியாதா, உன்னால்தான் எல்லாம் என்று கத்திவிட்டார். அன்றிலிருந்துதான் புஷ்பவல்லிக்குத் தலைசுற்றல்.

"அதுக்கப்பறம் பக்கத்து சீட்டு காலியாவே இருந்துச்சுங்க" என்றார் சேனாபதி. யாரிடம் சொல்கிறார் என்றே தெரியவில்லை. தரையைப் பார்த்துத்தான் சொன்னார். "எனக்கு அத்தப் பார்க்க முடியல. செடியத் தூக்கி வெச்சேன். மூணு வாரம் இந்தத் தம்பி வீட்டுக் கொல்லையில தங்கி ரிவர்ஸ் கத்துக்கிட்டேன். இன்னைக்கு எல்லாரு முன்னாலயும் அந்தப் பத்தொம்பதாம் நம்பர் எடத்துல பின்னாலயே விட்டுக் காட்டோணும்னு இருந்தேன்."

ஜாடி? ஜோபினுக்கு ஒரு ஜாடி புளிக்காய்ச்சல் தந்தாராம். அதைக் காலி செய்து, கழுவி, துடைத்து, உள்ளே ஜோசபின் செய்துவைத்துவிட்டுப் போன முந்திரிக்கொத்தைப் போட்டுத் திருப்பித் தந்தது ஜோபின். வெறும் பாத்திரத்தைத் திருப்பித் தராதே என்று பத்து வருடமாக அவனைப் பழக்கியவள் ஜோசபின். கழுவியது பெண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தவளும் அவளே.

ஜோசபின் கணவனைப் பார்த்தாள். பிடிக்கலன்னா சொல்லியிருக்கலாமே என்று மட்டும் கேட்டாள். ஜோபின் கூம்பை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். பயந்தாங்கொள்ளி என்று தான் எழுதிவைத்திருந்த வரியை ரூஃபஸ் சத்தமில்லாமல் அடித்தான்.

இன்னொருத்தி இல்லை என்று புஷ்பவல்லிக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அவள் முகம் தெளியவில்லை, முன்பைவிட இறுகியிருந்தது. கேஸ் முடிந்துவிட்டது, ஆனால் கோயமுத்தூர் டிக்கெட்டோடு திங்கட்கிழமை இன்னும் அப்படியே நின்றுகொண்டிருந்தது.

"ஏனுங்க" என்றாள் கணவனிடம். "ஒரு வார்த்தை, எம்மேல தப்புனு சொல்றதுக்கு அரை நிமிசம் ஆகும். அதுக்குப் பதுலா மூணு வாரம் ஊரான் கொல்லையில படுத்து ரிவர்ஸ் கத்துக்கிட்டீங்களா?"

சேனாபதி தன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். முப்பத்துமூன்று வருடப் பழக்கம் அந்த ஒரு வார்த்தைக்குக் குறுக்கே நின்றது. செயலாளர் ராமசுப்ரமணியன் கேடயத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கலிபோர்னியா போகாதவருக்கு இதைத் தரலாமா என்று சங்க விதிகளைப் பற்றி ஆரம்பித்தார். அவர் மனைவி அவர் கையைக் கிள்ளினாள்.

புஷ்பவல்லி கையை நீட்டிச் சாவியைக் கேட்டாள்.

"உனக்கு இதை ஓட்டத் தெரியாதே அம்மணி."

"பின்னால நின்னு சொல்லத் தெரியாதுன்னுதான் போன வருசம் சொன்னீங்க. நீங்க நின்னு காட்டுங்க. எப்படினு நானும் பார்க்கறேன்."

அவள் ஏறினாள். வருடக்கணக்காகக் கேம்ரி காரில் ஃப்ரீவேயில் வேலைக்குப் போய் வந்தவள்தான்; ஆனால் இந்த ஸ்டியரிங்கைச் சேனாபதி ஒருநாளும் தொடவிட்டதில்லை. இன்ஜின் உறுமியது. ஜோபின் கூம்புகளை வைக்க ஓடினான். ஜோசபின் அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். சேனாபதி இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு பத்தொன்பதாம் நம்பர் இடத்தில், இரண்டு பீக்கன் மரங்களுக்கு நடுவே போய் நின்றார். இருபது வருடத்தில் முதல்முறையாக அந்த வண்டியின் பின்பக்கத்தை, அது தன்னை நோக்கி வருவதை, அவர் பார்த்தார். வா வா என்று சொல்ல ஆரம்பித்தவர், இடமா வலமா என்று தடுமாறி, எந்தக் கையைக் காட்டுவது என்று தெரியாமல் இரண்டையும் காட்டினார். வண்டி அசைந்து அசைந்து வந்தது. அவர் நில்லு என்றார். அப்படிச் சொன்னது கொஞ்சம் தாமதமாகத்தான்.

டமார் என்று சத்தம். தண்ணீர்க் குழாய்க் கம்பம் அடியோடு சாய்ந்தது. ஓர் ஆள் உயரத்துக்குத் தண்ணீர் பீறிட்டுக் கிளம்பி, சங்கத் தலைவரைத் தலையோடு குளிப்பாட்டியது.

பத்துக் குடும்பங்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றன. ரூஃபஸுக்கு இருபது வேடிக்கைப் பேச்சு நாக்கு நுனிவரை வந்தது, ஒன்றையும் சொல்லவில்லை. சேனாபதி தண்ணீரை வழித்துக்கொண்டு ஜன்னலை நிமிர்ந்து பார்த்தார். வாய் திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது.

"எம்மேலதான் தப்பு அம்மணி. நான் சரியாச் சொல்லல."

ஜன்னல் கண்ணாடி இறங்கியது. "தண்ணிச் சத்தத்துல கேக்கலீங்க" என்றாள் புஷ்பவல்லி.

அவர் இன்னொரு முறை சத்தமாகச் சொன்னார். போன வருடமும் என்மேல்தான் தப்பு, உனக்குக் கண் நன்றாகத்தான் தெரியும் என்று, கேட்காமலே அதையும் சேர்த்துச் சொன்னார். சொல்லி முடிக்கும்போது குரல் உடைந்துவிட்டது. கூட்டத்தில் இரண்டு மூன்று மனைவிமார் தங்கள் கணவர்களைத் திரும்பிப் பார்த்தார்கள்.

புஷ்பவல்லி இன்ஜினை அணைத்தாள். பிறகு ஜன்னல் வழியாகக் கையை நீட்டி ஜோசபினிடம் செல்போனைக் கேட்டாள். கோயமுத்தூர் டிக்கெட்டை வேண்டாமென்று சொல்ல வேண்டும், சனிக்கிழமைகளில் டிராவல் ஏஜென்ட் ஒரு மணி வரைக்கும்தான் இருப்பாராம்.